மூன்று மாதம்தானே என்கிறாய்

தம்பி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது உன் செய்தி வந்தது. இன்றைக்கு வியாழன். நேற்று நீ வெறும் கேள்விக்குறி இரண்டு அனுப்பியிருந்தாய். போனில் நான் பேசினால் உனக்குப் புரிவதில்லை. டைப் பண்ணி அனுப்பினால் இரண்டு வரிக்கு மேல் படிக்க உனக்கு நேரம் இருப்பதில்லை. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்புவேன். உட்கார்ந்து படி. கார் ஓட்டிக்கொண்டே படிக்காதே.

நீ எழுதியதை அப்படியே இங்கே எழுதுகிறேன், நீயே இன்னொரு தடவை பார்த்துக்கொள். "அம்மா, ஜெனி அம்மாவுக்கு விசா ரிஜெக்ட் ஆயிடுச்சு. உனக்கு மட்டும்தான் விசா இருக்கு. நவம்பர்ல டெலிவரி. நீ அக்டோபர்லயே வந்துட்டா எங்களுக்குக் கவலை இல்ல. ஆபரேஷனைத் தள்ளி வெச்சுக்கோயேன், மூணு மாசம்தானேம்மா. இந்த வயசுல முகம் எப்படி இருந்தா என்ன, நாங்க ஒண்ணும் நினைக்க மாட்டோம்." கடைசி வரியை நான் பலமுறை படித்தேன். நீ ஒன்றும் நினைக்கமாட்டாய் என்பது எனக்கு எப்போதோ தெரியும்.

முகம் என்று எழுதியிருக்கிறாய். இது முகத்தைப் பற்றியது மட்டும் என்று நீ எண்ணிக்கொண்டிருப்பதால் சொல்கிறேன். இடது பக்கக் கீழ்த்தாடையை எடுத்துவிட்டார்கள், நாக்கின் ஓரத்தையும் கொஞ்சம். அது உனக்குத் தெரியும். மிச்சமிருக்கிற தாடை நாளாக ஆக இடப்பக்கம் சாய்ந்துவிட்டது, அது உனக்குத் தெரியாது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடுவதில்லை. உதடு முழுதாக மூடுவதில்லை. எச்சில் நிற்காமல் வழிகிறது, தோளில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கிறது. சோற்றைக் குழைய வடித்து மிக்சியில் அடித்து, வலப்பக்கமாகத் தலையைச் சாய்த்து, கரண்டியால் ஊற்றிக்கொள்கிறேன். ஒரு கிண்ணம் இறங்க முக்கால் மணி நேரம் ஆகும். கோயிலில் சாமியார் நற்கருணை அப்பத்தை எனக்கு மட்டும் நகக்கண் அளவு கிள்ளிக் கொடுக்கிறார். பதினெட்டு வருடம் ஞாயிறுதோறும் பீடத்தில் நின்று வாசகம் வாசித்தவள், இப்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறேன். அழகுக்காகவா இந்த ஆபரேஷன் என்று நீயே சொல்.

இந்தக் கடிதத்தில் உன்னிடம் ஒன்று சொல்லப்போகிறேன். சொல்லவே கூடாது என்று வைத்திருந்தது. அதற்கு முன்னால் வேறொன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறு அங்கேதான் ஆரம்பித்தது, செய்தவள் நான்.

உன் பிளஸ் டூ கணக்குப் பரீட்சை அன்று விடியற்காலையில் உன் அப்பா போய்விட்டார். நெஞ்சு வலிக்கிறது என்று ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன், நீ தூங்கிக்கொண்டிருந்தாய். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. என்னோடு பஸ்ஸில் வரும் சகுந்தலாவை வரவழைத்து அவர் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டு நான் வீட்டுக்கு வந்தேன். முகம் கழுவினேன். இட்லி ஊற்றினேன். "அப்பா எங்க?" என்று கேட்டாய். "லேசா நெஞ்செரிச்சல்னாங்க, டாக்டர்கிட்ட காட்டப் போயிருக்காங்க. நீ ஹால் டிக்கெட் எடுத்துக்கிட்டியா?" என்றேன். உனக்குத் தலை வாரிவிட்டேன், பதினேழு வயதுப் பையனுக்கு. தேர்வு முடிந்து நீ வெளியே வந்து, "ரெண்டு மார்க் போகும்மா, மத்ததெல்லாம் சரி" என்று சிரித்தாய். புங்கமரத்தடிக்கு அழைத்துப்போய்ச் சொன்னேன். நீ ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய். "எப்ப?" "காலைல, அஞ்சரைக்கு." நீ உன் கையிலிருந்த கேள்வித்தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தாய். அதன் பிறகு அதைப் பற்றி நாம் பேசியதே இல்லை.

அந்தச் செயலை ஊரே மெச்சியது. நெஞ்சுரம் இல்லாத பெண்ணால் இப்படிச் செய்ய முடியாது என்று பங்குச்சாமியார் அடக்கப் பூசையிலேயே சொன்னார். நானும் அதை ஒரு பதக்கம் மாதிரி வருடக்கணக்கில் சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தேன். இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அப்பா இறந்த காலை வேளையில் நீ இட்லி தின்றுகொண்டு சூத்திரம் ஒப்பித்துக்கொண்டிருந்தாய். அழவேண்டிய நேரத்தை உன்னிடமிருந்து எடுத்துவிட்டேன். உனக்கு எது வலிக்குமோ அதை நான் முன்னால் போய் வாங்கி மறைத்துவிடுவேன் என்று உனக்குப் பழக்கிவிட்டேன். அம்மா என்றால் எதையும் சமாளித்துக்கொள்பவள், கேட்டால் ஒன்றுமில்லை என்பவள். நீ அதை நம்பினாய். உன்மேல் எனக்கிருக்கும் கோபத்தில் பாதியை நான் என்மேல்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி இரண்டாவது. உன் கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பு, ஐப்பசி மழையில், இடப்பக்க ஈறில் ஒரு புண் வந்தது. பல் ஆடியது. பல் கூர்மையாகி உரசுகிறது என்று நினைத்துத் தேன் தடவினேன். ஆறவில்லை. பல் டாக்டரிடம் போனேன். அவர் பார்த்துவிட்டுப் பல்லைத் தொடவே இல்லை. "சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும்மா, இந்த வாரமே போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை உன் கல்யாணப் பத்திரிகைக் கட்டுக்குள் செருகி வைத்தேன்.

மல்லிகாவும் சகுந்தலாவும் யார் என்று உனக்குத் தெரியும் என்றாலும், உனக்குத் தெரிந்தது 'பஸ் ஆன்ட்டிகள்' என்பது மட்டும்தான். இருபத்திரண்டு வருடம் தஞ்சாவூரிலிருந்து திருக்காட்டுப்பள்ளிக்கு ஒரே பஸ்ஸில் போனோம். நான் பள்ளிக்கூடத்துக்கு, சகுந்தலா தபால் ஆபீசுக்கு, எங்கள் இருவரையும்விட இளையவளான மல்லிகா ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, நர்ஸ் வேலை. நான் ஒருபக்கமாக மெல்லுவதை முதலில் கண்டுபிடித்தவள் சகுந்தலா. "என்னடி, கடலையை வாயில போட்டு ஊறவைக்கிற?" என்றாள். இறங்கியதும் மல்லிகா பஸ் ஸ்டாண்டிலேயே என் வாயைத் திறக்கச் சொல்லிப் போன் வெளிச்சத்தில் பார்த்தாள். அவள் முகம் மாறியது. "டீச்சர், இது சாதாரணப் புண் இல்ல. நாளைக்கே லீவு போடுங்க, நான் கூட வரேன்." நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "தையில கல்யாணம் மல்லிகா. இப்ப இதை ஆரம்பிச்சா கல்யாணம் நின்னுபோகும். பொண்ணு வீட்டுல என்ன நினைப்பாங்க? மூணு மாசம்தானே" என்றேன்.

ஆமாம், அதே வார்த்தையைத்தான் சொன்னேன். உன்னிடம் சொல்லமாட்டோம் என்று இருவரிடமும் சத்தியம் வாங்கினேன்.

வேதாரண்யத்தில், ஜெனி ஊர்க் கோயிலில் நீங்கள் மோதிரம் மாற்றும்போது எனக்குக் காதுவரைக்கும் வலி தெறித்துக்கொண்டிருந்தது. பந்தியில் பிரியாணியை மெல்ல முடியவில்லை. தயிர் ஊற்றிக் குழைத்து நாலு வாய் விழுங்கிவிட்டு இலையை மூடினேன். "சம்பந்தியம்மாவுக்கு எங்க ஊரு சாப்பாடு பிடிக்கல போல" என்று ஜெனியின் பெரியம்மா சொன்னது என் காதில் விழுந்தது, நீயும் முகம் சுளித்தாய். ஆல்பத்தில் முக்கால்வாசிப் படத்தில் நான் கன்னத்தில் கைவைத்துக்கொண்டிருக்கிறேன். "கல்யாணப் பொண்ணைவிட அம்மாதான் அதிகமா வெக்கப்படுறாங்க" என்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு நீங்கள் உறவுக்காரர் வீடுகளுக்கு விருந்துக்குப் போனீர்கள், விசாவுக்கு அலைந்தீர்கள், எனக்கும் சேர்த்து ஒன்று எடுத்தாய், கனடாவுக்கு விமானம் ஏறினீர்கள். மறுநாள் காலையில் மல்லிகா என்னைத் திருச்சி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

எல்லாம் பார்த்துவிட்டு அங்கிருந்த டாக்டர் கேட்டார், "எப்பலேருந்தும்மா இருக்கு?" பொய் சொல்ல வாய் வரவில்லை. சொன்னேன். அவர் பேனாவை மேஜைமேல் வைத்தார். "அப்பவே வந்திருந்தா ஈறோட முடிஞ்சிருக்கும். இப்ப எலும்புக்குள்ள போயிருக்கு." பக்கத்தில் மல்லிகா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. உன் கல்யாண வீடியோ நன்றாக வந்திருக்கிறது என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் பார்.

எனக்கு நோய் என்று தெரிந்ததும் நீ வந்தாய், பத்து நாள் இருந்தாய், அதை நான் மறுக்கவில்லை. பத்து நாளில் இரண்டு நாள் வேதாரண்யம் போய் வந்தாய். தாடையை எடுத்த ஆபரேஷனுக்குப் பின் கட்டைப் பிரித்த அன்று நீ என் கட்டிலருகே நின்றாய். என் முகத்தைப் பார்த்தாய், பிறகு மருந்து இறங்கும் பாட்டிலைப் பார்த்தாய், பிறகு ஜன்னலைப் பார்த்தாய், போன் வருகிறது என்று வெளியே போனாய். கதவு சாத்தவில்லை. "வேணாம் ஜெனி, வீடியோ போடாத. அம்மாவை இப்ப பாக்க வேணாம். பயந்துடுவ" என்றாய். வாய்தான் போயிருந்தது தம்பி, காது நன்றாகக் கேட்டது. அதற்கப்புறம் நீ வீடியோவில் அழைத்ததே இல்லை. சில மாதம் வெறும் குரல். அப்புறம் ஒருநாள், "புரியலம்மா, ஸ்ட்ரெயின் பண்ணாத, டைப் பண்ணிடேன்" என்றாய். அத்தோடு அதுவும் நின்றது. வீடியோவில் காட்டக்கூடாத இந்த முகம் உன் சமையலறையில் இருந்தால் மட்டும் பரவாயில்லை என்று இப்போது எழுதுகிறாய். ஜெனி பயப்படமாட்டாளா? பிறக்கப்போகிற குழந்தை பயப்படாதா? அந்தக் கேள்வியை நீ உன்னிடம் கேட்டுக்கொண்டாயா, அல்லது பத்தியம் வைக்க ஆள் கிடைத்தால் போதும் என்று விட்டுவிட்டாயா?

கரண்ட் வைத்த நாட்களை, அதாவது ரேடியேஷன் நாட்களைப் பற்றி உனக்கு நான் எழுதியதில்லை. ஆறு வாரம், சனி ஞாயிறு தவிர. ஒருநாள் மல்லிகா, ஒருநாள் சகுந்தலா என்று முறை போட்டுக்கொண்டு திருச்சிக்கு என்னோடு வந்தார்கள். மல்லிகா லீவெல்லாம் தீர்ந்து, கடைசி வாரம் டூட்டி மாற்றிக்கொண்டு வந்தாள். சகுந்தலா அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தாள். "ரிட்டயர் ஆகி ராமேஸ்வரம் போகலாம்னு இருந்தேன், உன்கூட கரண்ட் ரூம் வாசல்ல தவம் கெடக்குறேன்" என்று திட்டிக்கொண்டே ஃபிளாஸ்கிலிருந்து கஞ்சி ஊற்றுவாள். வாயெல்லாம் வெந்து தண்ணீர்கூட இறங்காத நாளில் நான் கிண்ணத்தைத் தள்ளிவிட்டேன், அது அவள் மடியில் கொட்டியது. அவள் சேலையைத் துடைக்காமல் இன்னொரு கிண்ணம் ஊற்றினாள். "கொட்டு. எத்தனை தடவை கொட்டுவன்னு பாக்குறேன்" என்றாள். நான் குடித்தேன்.

பேச்சுப் பயிற்சிக்காரி தினமும் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். வீட்டில் தனியாகப் படிக்க எனக்கு வெட்கம், என் சத்தம் எனக்கே யாரோ மாதிரி இருக்கும். பென்ஷன் தாளில் கையெழுத்துப்போடப் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டி வந்தபோது மூவரும் பழைய பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் புதுப் பையன். "எங்கம்மா?" என்றான். நான் 'திருக்காட்டுப்பள்ளி' என்றேன். என் வாயிலிருந்து வந்தது என்னவோ ஒரு சத்தம். "எங்க?" மறுபடி சொன்னேன். துண்டு நனைந்தது. பின் சீட்டில் யாரோ ஊமை போல என்றார்கள். சகுந்தலா எனக்காகச் சொல்ல வாயெடுத்தாள், மல்லிகா அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். கண்டக்டரிடம், "அவங்களே சொல்லுவாங்க. கொஞ்சம் நில்லுங்க தம்பி" என்றாள். ரோட்டில் நெல் காயப்போட்டிருந்ததால் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. மூச்சை இழுத்து ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். "திருக்காட்டுப்பள்ளியா? சரிங்கம்மா" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தான். நடுக்காவேரி ஸ்டாப் தாண்டும்வரை நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதுவிடுவோம். டிக்கெட்டோடு காத்திருந்த கண்டக்டருக்கு இருந்த பொறுமைகூட நான் பெற்ற பிள்ளைக்கு இல்லையே என்று நான் அன்று நினைத்தேன். எழுதுவதற்குக் கசப்பாக இருக்கிறது, ஆனால் நினைத்தது அதுதான்.

ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தேன், நோய் திரும்புகிறதா என்று பார்க்க. திரும்பவில்லை. இப்போது காலிலிருந்து ஒரு எலும்பை எடுத்து, வளைத்து, தாடையில் வைத்து, ரத்தக்குழாயோடு ரத்தக்குழாய் சேர்த்துத் தைக்கப் போகிறார்கள். நாள் முழுக்க நடக்கும் ஆபரேஷன். அடுத்த மாதம் இரண்டாவது வாரம் தேதி கிடைத்திருக்கிறது. உன் செய்தி வந்த மறுநாள் டாக்டரிடம் கேட்டேன், கேட்கவே இல்லை என்று நினைக்காதே. மூன்று மாதம் தள்ளலாமா என்று காகிதத்தில் எழுதிக் காட்டினேன். "ரேடியேஷன் வாங்கின சதை இறுகிக்கிட்டே போகும்மா. இப்பவே கஷ்டம்தான். தள்ளிப்போட்டா நான் உறுதி சொல்லமாட்டேன்" என்றார். சொன்ன பிறகும், வெளியே பெஞ்சில் உட்கார்ந்து உனக்கு 'சரிப்பா, வரேன்' என்று டைப் பண்ணினேன். பழக்கம் அப்படி. அனுப்புவதற்குள் சகுந்தலா எட்டிப் பார்த்துப் போனைப் பிடுங்கினாள். மல்லிகா கத்தவில்லை. என் முன்னால் வந்து குந்தி உட்கார்ந்தாள். "டீச்சர், அன்னைக்கு நீங்க சத்தியம் வாங்குனீங்கன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். நர்ஸு வேலை பாக்குறவ நான். உங்க தாடை போனதுல எனக்கும் பங்கு இருக்கு, தினமும் அது என்னை அறுக்குது. இந்தத் தடவை வாயை மூட மாட்டேன். நீங்க சொல்லலைன்னா தம்பிக்கு நான் போன் போடுவேன்" என்றாள். நானே எழுதுகிறேன் என்றேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆபரேஷனுக்குச் சம்மதப் படிவத்தில் நெருங்கிய உறவினர் கையெழுத்து வேண்டுமாம். மல்லிகா பேனாவை வாங்கி அவள் பெயரை எழுதி, உறவுமுறை என்ற இடத்தில் 'தங்கை' என்று எழுதினாள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் என் பெயரையும் அவள் பெயரையும் மாறி மாறிப் படித்தாள். "கூடப் பொறந்தவங்களா?" என்றாள். "ஆமா" என்றாள் மல்லிகா. இருபத்திரண்டு வருடமாக என்னை டீச்சர் என்று தவிர வேறு எதுவும் கூப்பிடாதவள்.

இதையெல்லாம் படித்து நீ குற்றவுணர்ச்சியில் டிக்கெட் போட்டு ஓடி வராதே. ஜெனியை இந்த நேரத்தில் விட்டுவிட்டு வந்தால் அது இன்னொரு தவறு. என் தாடை உன்னால் போகவில்லை. நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை, தள்ளிப்போட்டது நான். ஆனால் தெரியாமலே இருந்துகொள்வது உனக்கு வசதியாக இருந்தது என்பதையும் நான் இனி மறைக்கப்போவதில்லை. குழந்தை பிறந்ததும் ஒன்று செய். உனக்குத் தலைவலித்தால் தலைவலி என்று அதனிடம் சொல். அழுகை வந்தால் அதன் முன்னால் அழு. உன் மனைவி முகம் வாடியிருந்தால் ஏன் என்று கேள், ஒன்றுமில்லை என்று சொன்னால் இரண்டாம் தடவையும் கேள். நான் உனக்குக் கற்றுக்கொடுக்காமல் விட்டது இது. கணக்கு நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

பிரசவம் பார்க்க ஆள் ஏற்பாடு செய்துகொள். அந்த ஊரில் நம் ஊர்க்காரர்கள் இருப்பார்கள், கேட்டால் உதவுவார்கள், வாய் திறந்து கேட்க வேண்டும். பத்தியக் குழம்புக்கு என்னென்ன போடவேண்டும் என்று தனிக் காகிதத்தில் எழுதி இத்துடன் அனுப்புகிறேன், அதை நீயே செய்யலாம். ஜெனியிடம் நான் வருவேன் என்று சொல்லியிருப்பாய். இன்றைக்கே அவளிடம் பேசிவிடு. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, அதனால் வர முடியாது என்று சொல்லாதே. என் உடம்பு விமானம் ஏறும், உன் வீட்டில் பாத்திரம் கழுவும், குழந்தையைக் குளிப்பாட்டும், எல்லாம் முடியும். அம்மா வரமாட்டேன்னு சொல்லிட்டாங்க என்று சொல். அந்த வார்த்தையையே சொல்.